ஒரு பல்பு, இரண்டு பக்கம் வெளிச்சம்

குடிசைக்கு ஒரு பல்பும் அதற்கு மின்சாரமும் இலவசம் என்று அரசாங்கம் கொடுத்தது. வளப்பூர் நாடு என்கிற எங்கள் மலையூரில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நடுச்சுவரில் ஓட்டை போட்டு, பல்பை அதில் தொங்கவிட்டேன்.

ஒரு பக்கம் மனைவி சமைக்கிறாள். மறுபக்கம் நான் இந்த வயதில் கற்ற எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறேன். அத்தனை இனிப்பு!

இன்று மழைமூட்டம். மதியமே பல்பைப் போட்டிருந்தோம். மின்சார ஆபீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு ரூமிலயும் லைட் எரியுதே, பெரியவரே? இலவசத்தை ரத்து பண்ணிருவேன்."

"ஒண்ணுதானுங்க சாமி," என்றேன். அவர் நம்பவில்லை.

மனைவி சுவிட்சை அணைத்தாள். வீடே இருண்டது.

"இன்னொண்ணு எங்கீங்க எரியுது? காட்டிட்டுப் போங்க!" என்றாள்.

அவர் முகம் கடுத்தது. "அதெல்லாம் தெரியாது. இலவசம் ஒரு ரூமுக்குத்தான். ஓட்டையை அடைச்சிருங்க."

விளக்கைக் கொடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு வேலி போடுவதா? அடைத்தால் அவள் இருட்டில் சமைக்க வேண்டும், இல்லையென்றால் நான் படிப்பை விட வேண்டும்.

அடைக்க மாட்டேன். ராத்திரியில் எங்கள் வாசல் வெளிச்சம் எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகை வரை போகிறது. அதற்கு எந்த மாட்டின் பேரில் பில் வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.