மைதீன் பொத்தானைத் திருகினான்

மூணு சீட்டில், கையில் ஒன்றுமே இல்லாமல் நான் முகத்தை இறுக்கினால் ஐந்தருவியே பயந்து மலையேறிவிடும்.

இன்று குற்றாலம் லாட்ஜில், சாரலுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, நண்பன் மைதீனோடு காசுக்குப் பதில் தீக்குச்சி வைத்து ஆடினேன். புளுகும்போது மட்டும் அவன் சட்டைப் பொத்தானைத் திருகுவான். முப்பது வருஷமாக அது அவனுக்கே தெரியாது.

"போன வாரம் எடுத்த ஸ்கேன்ல என்ன சொன்னாங்கலே?" என்றேன்.

"ஒண்ணுமில்லலே, வெறும் கேஸ் ட்ரபிள்தானாம். நீ சீட்டக் கலை."

விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

"நல்லதாப் போச்சுலே. நான்தான் கெடந்து பயந்துட்டேன்" என்று சிரித்தபடி கலைத்தேன். என் ஆயுசிலேயே அவ்வளவு கஷ்டப்பட்டு முகத்தை வைத்துக்கொண்டதில்லை.

அவனும் சிரித்தான். ஆனால் முப்பது வருஷம் எதிரே உட்கார்ந்தவன், நான் புளுகும்போது என்னிடம் எதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறானோ. என்னோடு ஆடியவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.