குளிர்ந்திருந்த சக்கரம்

இதில் நான் உண்மையை மட்டுமே எழுதுவேன். தெரிந்த எதையும் மறைக்கமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. எங்கள் போர்டிங்கின் மேட்ரன் அன்னபாக்கியம் அம்மாள் மறைந்த பிறகு ஆலயத்திலும் பள்ளியிலும் பேசியவர்கள், அவர் எல்லாரையும் தம் பிள்ளைகளைப் போல நம்பியவர் என்றார்கள். அவரை அறிந்த நீங்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சிரிப்பை அடக்கத்தான் சிலர் குனிந்தீர்களோ என்று எனக்குச் சந்தேகம். மேட்ரனம்மா யாரையும் நம்பியதில்லை.

அவர் மறைந்த செய்தி வந்தபோது பூகோள வகுப்பு நடந்துகொண்டிருந்தது. காய்ச்சலோடு அருமனையிலுள்ள தம்பி வீட்டுக்குப் போயிருந்தவரை அழைத்துவர எங்கள் பள்ளியின் சின்ன லாரி காலையிலேயே புறப்பட்டிருந்தது. அது திரும்பி வரும் சத்தம் கேட்டு நான் சன்னல் வழியே பார்த்தேன். டிரைவர் சாமுவேல் அண்ணன் மட்டும் இறங்கினார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவர் வண்டியைச் சுற்றி வந்து நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். நான் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் சொன்னதை நம்பாமல் வேறு விதமாகக் கேட்டேன். பிறகு இன்னொரு விதமாகவும் கேட்டேன். ஒரே விஷயத்தைப் பல விதமாகக் கேட்டால் பொய் எங்காவது கால் இடறும் என்பது மேட்ரனம்மாவின் முறை. அன்று எதுவும் இடறவில்லை.

அவருடைய சந்தேகங்களைப் போர்டிங்கில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். விளக்கணைக்கும் மணி அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து அவர் வாசலில் நின்று, "எல்லா வெளக்கும் அணைச்சாச்சா மக்கா?" என்பார். நாங்கள் ஒரே குரலில் ஆமென்போம். அதைக் கேட்டுவிட்டுப் போகமாட்டார். இருட்டில் உள்ளே வந்து ஒவ்வொரு அரிக்கன் விளக்கின் கண்ணாடியையும் புறங்கையால் தொடுவார். எல்லாம் ஆறியிருக்க, ஒன்று மட்டும் சுட்டால், அதன் பக்கத்தில் படுத்திருப்பவள் அவர் காலடிச் சத்தம் கேட்டபிறகுதான் அணைத்திருக்கிறாள். "வாயிட்ட கேக்காதே, தொட்டுப் பாரு" என்று அவர் அடிக்கடி சொல்வார். பெரும்பாலும் சுடுவது என்னுடைய விளக்காகத்தான் இருக்கும். கதைப் புத்தகத்தைப் போர்வைக்குள் தள்ளிவிட்டு மூச்சை இழுத்து விடுவேன். "கிரேசு, ஒறங்குறவ இப்பிடி மூச்சு விடமாட்டா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

சின்ன லாரி வந்த ஆண்டு நான் நான்காம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், இருந்தேன். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் பலகை அடித்த திறந்த பெட்டி. அதுவரை சந்தைச் சாமான்களைக் கொண்டுவந்தது செல்லையாவின் மாட்டுவண்டி. லாரி வந்ததும் மாடுகளை விற்றுவிட்டார்கள். செல்லையா வாசல் காவலுக்கு அமர்த்தப்பட்டார்.

ஒரு சனிக்கிழமை புதுக்கடைச் சந்தையிலிருந்து திரும்பும்போது நான் முன்னிருக்கையில் இருந்தேன். பல்வலிக்கு மருந்து வாங்க என்னை அனுப்பியிருந்தார்கள். கால்வாய் ஓரத்துத் திருப்பத்தில் ஒரு பசு குறுக்கே வந்தது. சாமுவேல் அண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்பதற்குப் பதில் இடதுபுறம் பாய்ந்தது. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வலதுபக்கம் இழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். முன்சக்கரம் ஒன்று கரையைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. மரச்சீனிக் கிழங்குச் சாக்குகள் கால்வாயில் விழுந்தன. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வண்டி வந்து சேருமுன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. மேட்ரனம்மா வாசலிலேயே அண்ணனை நிறுத்தி, "வாய ஊதும்" என்றார். ஊதினார். அதற்கு முன்பே மேட்ரனம்மா பள்ளி மானேஜரிடம், டிரைவர் கள்ளு குடித்திருப்பான் என்று சொல்லி முடித்திருந்தார். மானேஜர் கண்டிப்பான மனிதர். பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வண்டியில் இப்படிப்பட்டவன் வேண்டாம், மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போகட்டும் என்றார். அண்ணனின் குடும்பம் பள்ளி வளவுக்குள் பள்ளி தந்த வீட்டில்தான் இருந்தது. அவர் மனைவி அப்போது நிறைமாதம்.

என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார் மேட்ரனம்மா. பசு என்ன நிறம், அண்ணன் பாட்டுப் பாடினாரா, எந்தக் கையால் பிடித்திருந்தார் என்று கேட்டுவிட்டு, கஞ்சி குடிக்கும்போது அதையே தலைகீழாகக் கேட்டார். என் பதில் மாறவில்லை. அவர் முகம் மாறியது. "ஏலக்கா மணம்தான் வந்துது" என்று தமக்குத்தாமே சொன்னார். "ஆனா, கள்ளு மணத்த மறைக்கதுக்குத்தானே ஏலக்கா திங்கது?"

அன்று பிற்பகலே நாகர்கோவிலிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்து, எவ்வளவு அசைத்தபிறகு சக்கரம் அசைகிறது என்று பார்த்தார். முன்பக்கத்தை முட்டுக்கொடுத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அடியில் படுத்து, இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் மூட்டுகளைக் குலுக்கினார். டயர்களில் காற்றைப் பார்த்தார். பிறகு கை துடைத்துக்கொண்டு, "வண்டியில கொறயில்ல. பிடிச்ச கையிலதான் கொற" என்றார். மானேஜர் தலையாட்டினார்.

மேட்ரனம்மா ஆட்டவில்லை. அந்த மெக்கானிக் அவ்வளவு சீக்கிரம் சொல்லி முடித்ததே அவருக்குச் சந்தேகம். அன்று மாலை வண்டிக் கொட்டகைக்குப் போனார். சாட்சி என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டார்.

"சாமுவேலு, இது எப்பம் இழுக்குது? வளைக்கும்பமா, நிறுத்தும்பமா?"

"நிறுத்தும்பம் மட்டுந்தான் மேட்ரனம்மா. சும்மா ஓடும்பம் ஒரு விரலால பிடிச்சாலும் நேரா போவும். பிரேக்குல கால் வச்சா எடத்துப் பக்கம் பிடுங்குது. கொஞ்ச நாளாட்டு இப்பிடித்தான். நான் சொன்னேன், ஆரும் கேக்கல்ல."

"அப்பம் அந்தப் பய என்னத்துக்கு ஸ்டியரிங்கையே பிடிச்சு ஆட்டிட்டிருந்தான்?"

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தம்மைக் குடிகாரன் என்று சொன்னவரே இதைக் கேட்கிறாரே என்று அவருக்கும் சந்தேகமாக இருந்திருக்கும்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் மேட்ரனம்மா அவரை இரணியல் ரோட்டில் வெறும் வண்டியை ஓட்டச் சொன்னார். பைய ஓட்டி, போகும் வழியெல்லாம் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டுத் திரும்பி வர வேண்டும். அப்படியே வந்து நின்றது. அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இருக்கும் பிரேக்கின் இரும்புக் கூட்டை, விளக்குக் கண்ணாடியைத் தொடுவது போலப் புறங்கையால் தொட்டார். இடது முன்சக்கரத்தில் கையை உதறினார். பின்சக்கரங்கள் இரண்டிலும் வெடுக்கென்று கையை எடுத்தார். வலது முன்சக்கரத்தில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"ஏட்டி, இங்க வா. தொடு."

தொட்டேன். கிணற்றுக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது.

"மத்த மூணு பேரும் வேல செஞ்சு சூடாயிருக்கான். இவன் மட்டும் சும்மா சுத்திட்டு வந்திருக்கான்" என்றார் மேட்ரனம்மா. "எடத்துச் சக்கரம் நிக்கும், வலத்துச் சக்கரம் நிக்காது. பின்ன வண்டி எடத்துக்குத் திரும்பாம எங்க போவும்?"

சாமுவேல் அண்ணன் அந்தச் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே, பிடிக்க வேண்டிய பட்டை எண்ணெயில் ஊறியிருந்தது. மேட்ரனம்மா விரலில் தொட்டு முகர்ந்தார். மோட்டார் எண்ணெய் அல்ல. வாரந்தோறும் அவர் கையால் எங்கள் தலைக்கு ஊற்றும் தேங்காய் எண்ணெய்.

அவர் மானேஜரை அழைத்துக் காட்டினார். என் சாட்சியமும் கேட்கப்பட்டது. ஆனால் மானேஜரின் சந்தேகம் வேறு வழியில் போனது. குடித்ததை மறைக்க டிரைவரே எண்ணெய் விட்டிருக்கலாமே என்றார். ஊற்றிய கை யாருடையது என்று தெரியாதவரை தம் முடிவில் மாற்றமில்லை என்றும் சொன்னார். அண்ணன் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே செல்லையா உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். மாடுகளை விற்ற நாளிலிருந்து அவர் இந்த லாரியோடு சிரித்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. அண்ணன் மனத்தில் ஓடியது எனக்கும் ஓடியது, மானேஜருக்கும் ஓடியிருக்கும்.

"ஆருட்டயும் மூச்சு விடப்பிடாது" என்றார் மேட்ரனம்மா. "பட்டையத் தொடச்சு மாட்டும். அடுத்த சந்த நாள் வரைக்கும் பாப்போம்."

அந்த வாரம் முழுவதும் நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். சமையல்காரியை, தோட்டக்காரனை, எண்ணெய் இல்லாமல் தலை காய்ந்திருந்த ஒவ்வொரு பெண்ணையும். துடைத்து மாட்டிய சக்கரம் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கீச்சிட்டது. முன்பும் அப்படித்தான் கத்தும், பிறகு ஒருநாள் நின்றுபோனது என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. மேட்ரனம்மாவிடம் சொன்னேன். "இத ஏன் முந்தியே சொல்லல்ல?" என்று முறைத்தார்.

சனிக்கிழமை விடியலில் கொட்டகைக்குப் பின்னால் விறகு அடுக்கின் மறைவில் நாங்கள் நின்றோம். என் கண் கூர்மையானது என்று என்னை எழுப்பியிருந்தார். செல்லையாதான் வந்தார். ஒரு கையில் சிரட்டை, மறு கையில் கோழி இறகு. வலது முன்சக்கரத்தின் முன் குத்தவைத்து, இடுக்கு வழியே எண்ணெயை விட்டு இறகால் உள்ளே தள்ளினார். "கரையாதே, கரையாதே, பிள்ளியள கொண்டுபோவணும்" என்று அழும் குழந்தையைத் தேற்றுவது போலச் சக்கரத்திடம் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னத்த ஊத்துதீரு செல்லையா?" என்றார் மேட்ரனம்மா.

அவர் பயப்படவில்லை. "சத்தம் போடுது மேட்ரனம்மா. வண்டிச் சக்கரம் கரைஞ்சா எண்ண கேக்குதுன்னு அர்த்தம். டிரைவருக்கு அது தெரியாது, சின்னப் பய. நீங்க என் தலைக்குத் தாற எண்ணதான், களவு இல்ல. போன தடவ ஊத்தினேன், சத்தம் நின்னுபோச்சு பாத்தியளா?"

மானேஜரும் சாமுவேல் அண்ணனும் வரவழைக்கப்பட்டார்கள். மாடு போன வயிற்றெரிச்சலில் செய்தது என்றார் மானேஜர். "எனக்க சோத்துல மண்ணள்ளிப் போட வந்தீரா வே?" என்று அண்ணன் கத்தினார். செல்லையா ஒன்றும் புரியாமல் சிரட்டையைப் பார்த்தார். மேட்ரனம்மா என்னைப் போல உடனே இரங்கிவிடவில்லை. "நடிச்சாலும் நடிக்கலாம்" என்றார். பிறகு, "செல்லையா, வண்டியில ஏறும். முன்னால, எடத்துப் பக்கம் இரும். கால்வாய்த் திருப்பம் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார்.

அப்போதுதான் எண்ணெய் விட்ட வண்டி அது.

செல்லையா முகம் மலர்ந்தது. "நான் மோட்டார்ல ஏறினதே இல்லியே" என்றார். கிணற்றடிக்குப் போய் இரண்டு கால்களையும் தேய்த்துக் கழுவினார். தலைத்துண்டை அவிழ்த்துப் பாதத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார். மேட்ரனம்மாவும் அவரையும் டிரைவரையும் நெருக்கிக்கொண்டு ஏறினார். மானேஜர் வேண்டாம் என்றதற்கு, "அவரு முகத்த ஆரு பாக்கது?" என்றார்.

அவர்கள் திரும்பி வந்ததும் அண்ணன் நடந்ததைச் சொன்னார். திருப்பத்தில் பிரேக் மிதித்ததும் வண்டி கரைப்பக்கம் பிடுங்கியிருக்கிறது. "வலத்த பிடி, வலத்த பிடி" என்று மாட்டை அதட்டுவது போல செல்லையா கூவியிருக்கிறார். மேட்ரனம்மா வழியைப் பார்க்கவே இல்லையாம். போகும்போதும் வரும்போதும் கிழவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இறங்கியதும் அவர் மானேஜரிடம் சொன்னது இது: "அவருக்குத் தெரியாது. தெரிஞ்சவன் கால கழுவிட்டு ஏறமாட்டான்." சற்று நின்று, சாமுவேல் அண்ணன் கேட்கும்படியாக, "நானும் இவன் வாய மோந்து பாக்கதுக்கு முந்தியே கள்ளுன்னு சொல்லிட்டேன். அத நீங்க நம்பியிருக்கப்பிடாது" என்றார். அதற்கு மேல் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டைக் காலி செய்யவில்லை. அடுத்த வாரம் அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது.

நடந்தது விளங்கிய பிறகு செல்லையா மதியம்வரை சாப்பிடாமல் அந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மேட்ரனம்மா அவரை ஏசவில்லை. சத்தம் கேட்டால் டிரைவரிடம் வாயால் சொல்ல வேண்டும் என்று மட்டும் கட்டளையிட்டார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குரிய எண்ணெயைச் சிரட்டையில் கொடுத்தனுப்பியதில்லை. "இங்க வச்சே தலையில தேயும். நான் பாக்கணும்" என்பார். சாமுவேல் அண்ணனின் வாயையும் அவர் விடவில்லை. வண்டி திரும்பியபின் முகர்வதை நிறுத்திவிட்டுப் புறப்படுமுன் முகர்ந்தார். "பொறவு மோந்து என்ன பிரயோசனம்?"

அடக்கத்துக்கு எங்களை அருமனைக்குக் கொண்டுபோனது அதே சின்ன லாரிதான். புறப்படுமுன் சாமுவேல் அண்ணன் எங்கள் முன் வந்து நின்று, கேட்காமலே வாயை ஊதிக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. செல்லையா தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு, காலைக் கழுவிவிட்டுப் பின்னால் ஏறினார்.

மேட்ரனம்மா நம்பியவர் என்று சொல்லாதீர்கள். நம்பியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குடும்பத்தை வெளியேற்ற இருந்தார்கள். தம் முதல் சந்தேகத்தையே சந்தேகப்பட்ட ஒருவர் அதைத் தடுத்தார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவருடைய புறங்கையை மட்டுமே.

இன்று மணி அடித்ததும் புதிய மேட்ரன் வாசலில் நின்று, விளக்கெல்லாம் அணைத்தாயிற்றா என்று கேட்டார். ஆமென்றோம். நம்பிப் போய்விட்டார். வெகு நேரம் கழித்து நான் எழுந்து வரிசையாக எல்லாக் கண்ணாடிகளையும் தொட்டுக்கொண்டு வந்தேன். யாவும் ஆறியிருந்தன. சுட்டது ஒன்றுதான். அது இதை எழுதுவதற்காக நான் மறைத்து வைத்திருந்த என் விளக்கு. அதையும் இதோ அணைக்கிறேன். விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டன.