காப்பார் ஜீப்பும் ஒரு மணிக்கட்டும்

1983ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்தேன், சாமி கும்பிட்டேன், முந்தின நாளைப் பற்றி நாட்குறிப்பில் அரைப்பக்கம் எழுதினேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து நடந்துபோய்க் கிள்ளான் பேருந்தைப் பிடித்து, அங்கே வேறு பேருந்து மாறி, ஒன்பது மணிக்குக் காப்பாரில் என் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். தொடர்ந்து அது நான்காவது ஞாயிறு.

தங்கையின் கணவரிடம் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்று இருந்தது. விடியுமுன் கம்பத்துக் குடியிருப்புகளின் ஆட்களை ஏற்றிச் செம்பனைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விடுவதுதான் அவர் தொழில். மழைக்காலத்தில் அந்தக் களிமண் பாதையில் வேறு எந்த வண்டியும் உள்ளே போகாது. போன மாதம் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கி, பிஸ்டன்கள் துருவேறி இறுகிப்போயின. வேறு எஞ்சின் மாற்று என்றார் பட்டறையில் வண்டி பழுதுபார்க்கும் போமேன். அதற்கு வழியில்லை. ஆள் அனுப்பும் சீன முதலாளியான தவுக்கே ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார். மறுநாள் திங்கள் காலை ஜீப் வராவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

நான் உதிரிபாகக் கடையொன்றில் ஸ்டோர் கிளார்க். எஞ்சினைப் புத்தகத்தில் படித்தவன். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் எண் ஒட்டிய பால் டின்னில் போட்டுவைத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வாரம் டீசல் ஊற்றி ஊறவைத்தும் போன ஞாயிறு நான்காவது பிஸ்டன் அசையாதபோது, மேலே மரக்கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்தார். கட்டையைப் பிடித்திருந்தவன் நான். ஓர் அடி தவறி என் மோதிரவிரலில் விழுந்து நகம் கழன்றது. “கைய எடுக்கத் தெரியாதா மச்சான்?” என்று சிரித்துவிட்டு அடுத்த அடியைப் போட்டார். உள்ளே பிஸ்டன் வளையம் உடைந்த சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது.

வாரத்துக்குள் அந்தப் பிஸ்டனுக்குப் பதில் பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. எஞ்சின் மூடிக்கு அடியில் வைக்கும் பழைய செம்புக் கேஸ்கட்டையே அடுப்புத் தணலில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, வெள்ளிப் பெயின்ட் பூசிப் போட்டேன். இந்த ஞாயிறு மதியத்துக்குள் எல்லாம் பூட்டியாகிவிட்டது. பேட்டரியில் ஸ்டார்ட்டரைச் சுற்றும் அளவுக்கு உயிரில்லை. முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால்தான் சுற்றவேண்டும்.

அவர் சுற்றினார். எஞ்சின் ஒருமுறை முட்டியது. கைப்பிடி பின்னோக்கித் துள்ளி அவர் பிடியிலிருந்து நழுவியது. உடனே எனக்குப் புரிந்துவிட்டது, தீப்பொறி முந்தி விழுகிறது. தீப்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தில், அது நிற்கவேண்டிய இடத்தைக் காட்ட இரண்டு கீறல்கள் இருந்தன. ஒன்று கழற்றும்போது நான் போட்டது. மற்றது எந்தக் காலத்திலோ யாரோ ஒரு போமேன் போட்டது. டின்னுக்கெல்லாம் எண் ஒட்டிய நான் கீறலுக்கு அடையாளம் எழுதவில்லை; தவறான கீறலில் பூட்டியிருந்தேன்.

“நிறுத்துங்க மாப்பிள்ளே. டைமிங் பாக்கணும்.”

“இன்னும் என்னா பாக்கணும்? நாலு வாரமா பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க? நட்டுக்கு நம்பரு, போல்ட்டுக்கு நம்பரு. நாளைக்கி ஆளுங்கள உங்க நோட்டுப் புக்குலயா ஏத்திக்கிட்டுப் போவேன்?”

வேலியோரம் வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுக்காரன் சிரித்தான். “நாலு வாரத்துல கப்பலே கட்டிருக்கலாம்லா, அங்கிள்!”

எனக்குச் சுருக்கென்றது. “நீங்க அடிச்ச அடிக்கு இது ஓடினாலே அதிசயம்” என்றேன்.

அறைந்தார். மூக்குக் கண்ணாடி சேற்றில் விழுந்தது. சமையலறை வாசலில் தங்கை நின்றிருந்தாள். எனக்கு நாற்பத்தாறு வயது. அவர் என்னைவிட ஒன்பது வயது இளையவர்.

“போ. போயி உன் ஸ்டோர்ல ஒக்காந்து எழுது” என்றார். அதுவரை ஒருநாளும் என்னை ஒருமையில் பேசியதில்லை.

கைப்பிடியை மறுபடி செருகினார். கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். அப்போதுதான் அது திருப்பி அடித்தாலும் கை தப்பும். அவர் கட்டை விரலை எதிர்ப்பக்கம் சுற்றிப் பிடித்து, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டுக் கீழே அழுத்தத் தயாரானார். நான் கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தேன். சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறித்ததுபோல் சத்தம் கேட்டது. அவர் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே வேறு திசையில் தொங்கியது. இடது கையால் கைப்பிடியைப் பிடுங்கி என்னை நோக்கி வீசினார். அது என் காதை உரசிப்போய் ஜீப்பின் முன்கண்ணாடியை நொறுக்கியது. இரண்டடி என்னை நோக்கி வந்து, மண்டியிட்டு, வாந்தியெடுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரன் காரில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வராந்தாப் பெஞ்சில் தங்கை என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, அது திருப்பி அடிக்கும்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போ தெரியும்?”

“அவரு அறையறதுக்கு முன்னாலயே.”

இரண்டு கைகளாலும் என் நெஞ்சில் குத்தினாள். கண்ணாடி வளையல் உடைந்து என் கழுத்தைக் கீறியது. தாதி ஓடிவந்து இழுத்த பிறகும் விடவில்லை.

“ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாளைக்கி ஆளுங்கள யாரு ஏத்துவா? எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டியே!”

மாவுக்கட்டுப் போட்டு அன்றிரவே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பிரிக்பீல்ட்ஸ் திரும்பாமல் தங்கை வீட்டிலேயே படுத்தேன்.

மறுநாள் காலை நான்கரைக்கு எழுந்து, முதல் வேலையாக டிஸ்ட்ரிபியூட்டரை மற்றக் கீறலுக்குத் திருப்பி இறுக்கினேன். கைப்பிடியின் மூன்றாம் இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மாவுக்கட்டோடு அவர் வெளியே வந்தார். என் பக்கத்து இருக்கைக்கு வராமல் பின்னால் ஏறி, ஆட்கள் உட்காரும் பலகையில் உட்கார்ந்தார். கம்பத்து ஆட்களை ஏற்ற நான் கியரைப் போட்டேன்.