வெட்டப்பட்ட ஊர்ப் பெயர்கள்

இன்று, உலர்த்திய செடிகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தபாற்கந்தோருக்குப் போனேன். மூன்று வருட உழைப்பு. செடி ஒட்டிய ஒவ்வொரு தாளிலும் அது முளைத்த இடத்தை எழுதியிருந்தேன்: உப்புவெளி, குச்சவெளி என்று.

யுத்தத் தணிக்கைக்கு இருந்த உத்தியோகத்தர் கத்தரிக்கோலால் இடப்பெயர்களை மட்டும் வெட்டி எடுத்தார்.

“துறைமுகப் பக்கத்து ஊர்ப் பேர் வெளியில போகேலாது, மிஸ். செடியில நான் கை வைக்கேல்லையே?”

“எங்க முளைச்சதெண்டு தெரியாட்டி இது வெறும் சருகு, தம்பி.”

“ஓம் மிஸ். சருகு அனுப்பத் தடையில்லை.”

திரும்பப் போய்ச் சேகரிக்கவும் முடியாது. கடற்கரை முழுக்க முட்கம்பி.

பிறகு பொதியின்மேல் ‘திருகோணமலை’ என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

அதைச் சுட்டிக்காட்டினால் பொதியையே மறித்துவிடுவார் என்று பேசாமல் வந்துவிட்டேன். நீங்கள் என்றால் சொல்லியிருப்பீர்களா?