சபை அங்கியின் கயிறு

கை சாக்குக்கட்டிக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போயிற்று. ஊசி கோட்டுக்கு மேலே ஏறவில்லை, கீழே இறங்கவில்லை. கோட்டின்மேலேயே குத்தி, ஓர் அரிசி தள்ளி வெளியே வந்து, பாதி அரிசி பின்னால் போய் மறுபடி குத்தியது. துணி முரட்டுத் துணி, மண் நிறம். நூல் தீர்ந்ததும் கை அதைப் பல்லுக்குக் கொண்டுபோகவில்லை. கத்தரியை எடுத்து வெட்டியது. சாவுக்குத் தைக்கிற துணியில் எச்சில் படக் கூடாது. பக்கத்திலேயே தையல் மெஷின் உறை போட்டு நின்றது. சாவுக்குத் தைக்கிற துணியில் மெஷினும் ஓடக் கூடாது. இரண்டையும் சொல்லிக் கொடுத்தது ஒரே வாய்தான். பதின்மூன்று வருஷமாக அந்த வாய் இந்தக் கைக்குச் சொந்தக்காரியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாய் பாலக்கரை தையல்காரர் அற்புதசாமியுடையது. கைக்குச் சொந்தக்காரி அவருடைய மகள். கோயிலில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர் ரோசரி. நிக்காஹ் அன்று வைத்த பெயர் வஹீதா. இரண்டு பெயருக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள். இரண்டையும் கூப்பிடத்தான் ஆள் குறைந்துகொண்டே வந்தது.

அற்புதசாமி பிரான்சிஸ்கு மூன்றாம் சபையில் சேர்ந்தவர். குடும்பஸ்தர்களுக்கு உள்ள சபை. அதில் இருக்கிறவர்கள் செத்தால் சபை அங்கியை உடுத்தி, மூன்று முடிச்சுப் போட்ட கயிற்றை இடுப்பில் கட்டித்தான் குழிக்குக் கொண்டுபோவார்கள். ஏழ்மைக்கு ஒரு முடிச்சு, கற்புக்கு ஒன்று, கீழ்ப்படிதலுக்கு ஒன்று. பாலக்கரையில் எத்தனையோ பேருக்கு அந்த அங்கியைத் தைத்துக் கொடுத்தவர், கடைசியில் தனக்கென்று துணி எடுத்து, கோடு போட்டு, வெட்டியும் வைத்தார். தைக்க உட்காருவதற்குள் வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது.

துணியை எடுத்துக்கொண்டு வந்தது ராசப்பன். வஹீதாவின் தம்பி, பொன்மலை ஒர்க் ஷாப்பில் வேலை.

"அக்கா, வேற யாருக்கும் இந்தத் தையல் வராது. நீ தச்சுக் குடு. காட்டூர்ல ஒரு தையக்காரர் இருக்காருன்னு அப்பாகிட்டச் சொல்லியிருக்கேன்."

"அப்ப நான் காட்டூர்த் தையக்காரராடா?"

"கோவிச்சுக்காதே. உடுத்திக்கிட்டுப் போகட்டும். போற நேரத்துலயாவது உன் கை அவரு மேல இருக்கும்ல?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாங்கினாள். துணியை விரித்ததும் அப்பாவின் கோடு தெரிந்தது. தோள் திரும்புகிற இடத்தில் சாக்குக்கட்டியை ஓர் அழுத்து அழுத்தி எடுப்பார். அந்த அழுத்து அப்படியே இருந்தது. அதன்மேல் ஊசி ஏற்றும்போது, பேசாத மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து இங்கே குத்து, இங்கே திருப்பு என்று சொல்வதுபோல இருந்தது. சாவதற்குள் ஒரு தடவை ரோசரி என்று கூப்பிட்டுவிட மாட்டாரா என்ற நினைப்பு அப்போதுதான் அவளுக்குத் திரும்ப வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

அந்த நாளில் அவளை நூல் வாங்கிவர அனுப்பியவரே அற்புதசாமிதான். பெரிய கடைவீதியில் நத்தரின் நூல்கடை. கேட்ட நிறத்துக்கு நேர் நூலை எடுத்து, அதற்குப் பக்கத்து நிறத்தையும் சேர்த்துக் காட்டி, "பகல்ல இது, விளக்குல அது" என்பான் நத்தர். அந்தப் பேச்சில்தான் அவள் விழுந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் நிக்காஹ் ஆயிற்று.

அடுத்த வாரம் இருவரும் பாலக்கரை வீட்டுக்குப் போனார்கள். நத்தர் தெருவிலேயே நின்றுகொண்டான். அற்புதசாமி மெஷினில் உட்கார்ந்திருந்தார்; திரும்பவில்லை.

"என்ன சொல்லிச் சேந்த?" என்று கேட்டார்.

"கலிமா சொன்னேன்ப்பா."

"அர்த்தம்?"

"அல்லாவைத் தவிர வேற நாயன் இல்லேன்னு."

"சேசுநாதரை என்ன சொல்றாங்க?"

"ஈசா நபிங்கறாங்க. மரியம்மாவுக்குப் பொறந்தவரு, பெரிய நபின்னு மரியாதையாத்தான் சொல்றாங்க. மகன்னு மட்டும் சொல்றதில்ல. கடவுள் யாரையும் பெக்கல, யாருக்கும் பொறக்கலங்கறாங்க."

மெஷின் சக்கரம் நின்றது.

"கடவுளுக்கே பிள்ளை கிடையாதுன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்க. அப்ப தையக்காரன் அற்புதசாமிக்கு மட்டும் எதுக்கு? எனக்கும் பிள்ளை கிடையாது. போ."

மறுபடி சக்கரம் ஓடியது.

அந்த வார்த்தையை வஹீதா பதின்மூன்று வருஷமும் மென்றாள். அவள் பிறந்த வீட்டில் கடவுளுக்கு முகம் இருந்தது. சுவரில் இருந்து பார்ப்பார். இருதயத்தைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு அம்மா இருந்தாள், பசி இருந்தது, ஆணி அடித்தால் ரத்தம் வந்தது. வானத்தில் இருக்கிறவரை எங்கள் பிதாவே என்று கூப்பிடலாம். சொந்த மகனையே மனுஷருக்காகக் கொடுத்த பிதா. ஓடிப்போன பிள்ளை திரும்பி வந்ததும் தகப்பன் எதிரே ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட கதையைச் சாமியார் பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் அற்புதசாமி துண்டால் கண்ணைத் துடைப்பார். துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, மகள் பெயரை எடுக்காமல் சாப்பிடுவார்.

வாழ்க்கைப்பட்ட வீட்டில் கடவுளுக்கு முகம் இல்லை. சுவர் வெறும் சுவராக இருந்தது. முதல் மாதம் எங்கே பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் கண் அலைந்தது. போகப்போக அதுவே நிம்மதியாகவும் இருந்தது. அங்கே அல்லா எசமான், இவள் அடிமை. செய்த பாவத்தை யார் காதிலும் சொல்லி அனுப்ப வேண்டாம், நேராக அவனிடமே சொல்லலாம். பிடரி நரம்பைவிடக் கிட்டே இருக்கிறான் என்றார்கள். தகப்பன் என்று ஒருவன் இருந்தால்தானே கதவைச் சாத்துவான்? எசமான் எந்த அடிமையையும் பார்த்து நீ எனக்குப் பிறக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவனுக்கு ஒருத்தருமே பிறக்கவில்லை.

ஆனால் அவனுடைய ஆட்கள் சொல்லுவார்கள். நத்தரின் அக்காள் மைமூன் ஒவ்வொரு நோன்புக்கும் வந்து, "புதுசா வந்த பொண்ணு, பாவம், அதுக்கு எங்க தெரியும்" என்பாள். பத்து வருஷம் கழிந்தும் அவள் புதுசாகவே இருந்தாள். தெருவில் ஒரு பெண் செத்தால் மட்டும் பழசாகிவிடுவாள். குளிப்பாட்டவும் கபன் துணி சுற்றவும் வஹீதாவைத்தான் கூப்பிட்டார்கள். கை சுத்தம் என்று பேர். வயிறு திறக்காததையும் மைமூன் விடவில்லை. ஒரு நாள் வஹீதா பொறுக்காமல், "அல்லாவுக்கும்தான் மச்சி பிள்ளை இல்ல, அவனை யாரு கேட்டா?" என்றுவிட்டாள். மைமூன் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, "தவ்பா செய், பாவமன்னிப்புக் கேளு" என்று கத்தினாள்.

ராத்திரி சாப்பாட்டில் அவள் இதைச் சொன்னபோது நத்தர் சிரிக்கவில்லை. "அவனுக்கு இல்லேன்னு சொல்லாதே புள்ள. அவனுக்குத் தேவையில்ல, அதான் விஷயம். பசி, தூக்கம், வாரிசு எதுவும் தேவையில்லாதவன். நமக்குத்தான் தேவை. அதான் நாம அடிமை" என்றான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் கசந்தது.

ஸ்ரீரங்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கப் போவாள். அங்கே வத்ஸலா டீச்சர் ரேழியிலேயே நிறுத்தி, துணியைக் கீழே வைக்கச் சொல்லி, தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வாள். வாய் மட்டும் தாராளம். அங்கி தைக்கிற சமாச்சாரத்தை வஹீதா அவளிடம் சொன்னாள்.

"எங்க பெருமாள் சயனத்துல இருக்கார். கார்த்தால வீணை வாசிச்சு எழுப்ப வேண்டியிருக்கு. உங்காத்து சாமியும் அவாத்து சாமியும் முழிச்சிண்டேதானே இருக்கா? ஒருத்தராவது உங்கப்பா மனசுல பூந்து ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க டீச்சர்" என்றாள் வஹீதா. பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டுகிறவரை தெளித்த தண்ணீரின் ஈரம் கண்ணிலேயே நின்றது.

அங்கி முடிந்தது. கயிற்றையும் அவளே திரித்து, முடிச்சுப் போட்டு, ராசப்பனிடம் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாம் நாள் அதே பொட்டலத்தோடு அவன் வாசலில் நின்றான்.

"அங்கியைத் தடவித் தடவிப் பாத்தாருக்கா. காட்டூர்க்காரன் கெட்டிக்காரன்னாரு. அப்புறம் கயித்த எடுத்தாரு. ஒரு நுனிய என்னைப் பிடிக்கச் சொல்லி, இடது கையால இழுத்தாரு. மூணு முடிச்சும் உருவிக்கிட்டு வந்துடுச்சு."

வஹீதா கயிற்றை வாங்கிப் பார்த்தாள். முடிச்சு இருந்த சுவடுகூட இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. கபனுக்குக் கட்டுகிற முடிச்சு. தலைமாட்டில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. கபர்க்குழியில் இறக்கியதும் உள்ளே நிற்கிறவர்கள் மூன்றையும் அவிழ்த்துவிட வேண்டும். அதனால் ஒரே இழுப்பில் வருகிற மாதிரித்தான் கட்டுவது. எத்தனை பேருக்குக் கட்டிய கை! கோட்டில் அப்பா சொன்னபடி கேட்ட கை, கயிற்றை மட்டும் தன் பாட்டுக்குக் கட்டிவிட்டிருந்தது.

"என்ன சொன்னாரு?"

ராசப்பன் தலையைச் சொறிந்தான். "கயித்தக் கீழ வச்சாரு. அப்புறம், 'தச்சவங்களையே வரச் சொல்லு, என் எதிர்ல கட்டட்டும்'னாரு."

"தச்சவங்களையா? வேற பேர் எதுவும் சொன்னாரா?"

"இல்லக்கா."

இருந்தும் அவள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். நத்தர் கடைக்குப் போகாமல் பாலக்கரை முனைவரைக்கும் கூட வந்து, பழையபடி தெருவில் நின்றுகொண்டான்.

அற்புதசாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப்போன பொருள்போல் கிடந்தது. சுவரில் அந்த முகம் அப்படியே இருந்தது, இருதயத்தைக் காட்டிக்கொண்டு. வஹீதா தரையில் உட்கார்ந்து கயிற்றைப் பிரித்தாள்.

"எதுக்கு உருவு முடிச்சு?" என்றார் அவர், கயிற்றைப் பார்த்து.

"பழக்கம். எங்க பக்கம் கபர்ல வச்சதும் அவுத்துவிட்டுடணும். அவன் முன்னால கட்டோட போகக் கூடாதும்பாங்க."

"எங்களுக்குக் கட்டோடதான் போகணும். பிதாகிட்டப் போற பிள்ளை கீழ்ப்படிஞ்சவனாப் போகணும். அவுந்த கயித்தோட போனா அவரு என்னைய யாருன்னு கேப்பாரு."

வஹீதா முதல் முடிச்சைப் போட்டாள். இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவதை வளைத்துக்கொண்டே கேட்டாள்:

"கேட்டா என்ன சொல்வீங்க? பெத்த மகளைத் தெரியலேன்னு சொன்னவன்னா?"

கதவோரம் நின்ற ராசப்பன், "அக்கா" என்றான் மெதுவாக.

அற்புதசாமியின் கண் கயிற்றை விட்டு, அவள் விரலுக்கு வந்தது. ஊசி குத்திக் காய்த்த நுனியில் நின்றது. அங்கிருந்து முகத்துக்கு ஏறும் என்று அவள் முடிச்சைப் பிடித்தபடி காத்திருந்தாள். உதடு கோணிக்கொண்டு அசைந்தது.

"ஈரம் தொட்டு இறுக்குங்கம்மா" என்றார், வெளியூரிலிருந்து வந்த தையல்காரியிடம் சொல்கிற மரியாதையோடு. "காஞ்சா அப்புறம் அவுராது."

அவள் சொம்புத் தண்ணீரைத் தொட்டு மூன்று முடிச்சையும் பலம்கொண்ட மட்டும் இறுக்கினாள். ஒரு நுனியை அவரிடம் நீட்டினாள். அவர் இழுத்தார், இவள் விடவில்லை. அவருக்கும் அவளுக்கும் நடுவில் கயிறு விறைத்து நின்றது. முடிச்சு ஒன்றும் நகரவில்லை.

"ம். இனி யாரும் அவுக்க முடியாது" என்றார்.

"முடியாதுங்க" என்றாள் அவளும்.

அங்கியைத் தோள் மடிப்புக் கலையாமல் நாலாக மடித்து, அதன்மேல் கயிற்றைச் சுற்றி வைத்து, எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் இடது கையால் வாங்கிக்கொண்டார்.