பெரிய செபநாளும் மிளகாய்க் கன்றும்

“அந்த நேரம் நீ எங்கயடி நிண்டனி?”

அக்கா போனில் கேட்ட கேள்வி இது. கேட்டவுடனேயே பதில் சொல்லிவிட்டேன், மூச்சுக்கூட விடவில்லை. ஆனால் இன்றுவரை அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் சொல்லி முடித்த கேள்விக்கு எப்படிப் பதில் தெரியாமல் இருக்கும்? இருக்கிறதே!

இந்தப் பக்கத்தை வழமையாக வாசிப்பவர்களுக்கு என் தோட்டம் தெரியும். டென்மார்க்கின் ஒடென்சேயில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றின் பின்பக்கம், இரண்டு கட்டில் போடக்கூடிய அளவு மண். பூசணி, வெங்காயம், கருகிப்போன கறிவேப்பிலை என்று எல்லாவற்றையும் பற்றி உங்களிடம் புலம்பியாகிவிட்டது. இந்த முறை மிளகாய். ஆனால் விஷயம் மிளகாயோடு முடியாது. அதையும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

தை மாதத்தோடு அக்காவின் குரல் நின்றுபோனது. அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள் – எல்லோரும் போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள். அதுவரை யாரிடமாவது போன் இரவல் வாங்கி எப்படியோ எடுத்துவிடும் அக்கா, பிறகு எடுக்கவேயில்லை. வேலை முடிந்து வந்தால் நான் கம்ப்யூட்டர் முன்னால். செய்தி, படம், மறுபடி செய்தி. நாலு வயது மகள் ஜெனி சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பாள். ஒரு பிள்ளை பார்க்கக்கூடிய படங்களா அவை? சட்டென்று மூடிவிடுவேன். மூடிய கை சும்மா இருக்காது. அந்தக் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

வெளியே மண் கல்லாக உறைந்திருந்தது. ஆகவே ஜன்னலோரம். பால் பெட்டிகளைப் படுக்கவைத்து வெட்டி, மண் நிரப்பி, ஹீட்டருக்கு மேலே வைத்து மிளகாய் விதை போட்டேன். அக்கா முன்பொரு காலம் கொடுத்தனுப்பிய காய்ந்த செத்தல் மிளகாயின் விதை என்று எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இல்லை. தமிழ்க் கடையில் வாங்கிய பாக்கெட். சொன்ன பொய்யெல்லாம் போதும் என்பதால் இதையும் உள்ளபடியே எழுதுகிறேன்.

விதை போட்டவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். எழும்பியவுடன் முகம் கழுவ முன்னர் போய்ப் பார்ப்பது. ஒன்றுமில்லை. லேசாகக் கிண்டிப் பார்க்கலாமா? கூடாது. ஒரு மூலையில் மட்டும்…? கூடாது என்றால் கூடாது! பிறகு ஒரு காலை, முதுகை வளைத்துக்கொண்டு ஒரு பச்சைக் கொக்கி. “வந்திட்டுது!” என்று கத்தினேன். ஜெனி ஓடி வந்தாள். இரண்டு பேரும் கை தட்டினோம்.

கை தட்டி முடித்து, தேநீர் ஊற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். அக்கா இருந்த பக்கம் ஷெல் விழுந்த செய்தி.

தட்டிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்றிலிருந்து கன்றுகளை ஒளிக்கத் தொடங்கினேன். அந்தக் குளிர்காலம் எங்கள் ஆட்களின் வீடுகளில் கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. பிறந்தநாள்கள் எல்லாம் கேக் வெட்டாமலே கழிந்தன. ஜெனியின் பிறந்தநாளும்தான். அந்த நேரம் ஜன்னல் நிறையப் பச்சை வைத்திருந்தால்… செத்த வீட்டில் பலகாரம் சுட்ட மாதிரி இருக்காதா? யாராவது தமிழ் ஆட்கள் வந்து பெல் அடித்தால், நான் முதலில் ஓடுவது திரையை இழுத்து மூட. பிறகுதான் கதவு.

கன்றுகளும் என்னைச் சும்மா விடவில்லை. வெளிச்சம் போதாமல் நூடில்ஸ் மாதிரி நீண்டு சரிந்தன. மண்ணில் பூஞ்சணம், சமையலறையில் குட்டிக் குட்டி ஈ. முற்றத்தில் பனியைக் கிழித்துக்கொண்டு முதல் வெள்ளைப் பூ தலைகாட்டியபோது, அப்பாடா வசந்தம் என்றேன். அடுத்த கிழமையே மறுபடி ஸ்னோ. பங்குனியில் தரை கொஞ்சம் இளகியதும் யார் முதலில் வந்தது? நத்தை. ஓடில்லாத, விரல் தடிப்பான, மண்ணிற நத்தை. டேனிஷ்காரர் அதைக் கொலைகார நத்தை என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரை அந்த மாதங்களில் என்னால் வாயால் சொல்ல முடியவில்லை.

சித்திரை பிறந்தபின், கன்றுகளைப் பகலில் வெளியே வைத்துப் பின்னேரம் உள்ளே எடுக்கப் பழகினேன். திடீரென்று வெளியே விட்டால் தாங்காதல்லவா? பக்கத்து வீட்டு பென்ட் வேலிக்கு மேலால் பார்த்துச் சிரிப்பார்.

“மற்ற ஆட்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். நீ மிளகாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாய்.”

போகும்போது ஒவ்வொரு முறையும் ஒரே எச்சரிக்கை. “மே மாதத்தை மட்டும் நம்பாதே.”

நம்பினேன்.

இங்கே உயிர்த்த ஞாயிறு முடிந்து சில கிழமைகளில் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை வரும். பெரிய செபநாள் என்று பெயர். பெயர்தான் செபநாள். வெயில் அடித்தால் நாடே தோட்டத்தில்தான் நிற்கும். முதல் நாள் பின்னேரம் சூடான பணிஸ் வாங்க பேக்கரிக்கு வெளியே கியூ நிற்கும். ஏலக்காய் போட்ட பணிஸ். அந்த மணத்துக்காகவே நானும் ஜெனியும் கியூவில் நின்றோம். வீட்டுக்கு வந்து, பட்டர் பூசிச் சாப்பிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டி, செய்தி பார்த்து…

கன்றுகளை உள்ளே எடுக்க மறந்துபோனேன்.

காலையில் புல்லெல்லாம் வெள்ளை. இரவு உறைபனி. என் கன்றுகளில் பாதி கறுத்து, அவித்த கீரை மாதிரித் தொங்கின. தையிலிருந்து வளர்த்த கன்றுகள். படியில் குந்தி இருந்து அழுதேன். சத்தமாகவே அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு யோசனை ஊசி மாதிரிக் குத்தியது… அக்காவுக்காக ஒரு நாளாவது இப்படி அழுதேனா?

அந்த வெள்ளி பத்து மணிக்கு எங்கள் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. வன்னியில் அகப்பட்டிருக்கும் சனத்துக்காகப் பங்குச் சுவாமி விசேஷமாக வைத்த பூசை. இவர் சேர்ட் போட்டு, சப்பாத்தும் போட்டு வாசலில் நிற்கிறார்.

“இஞ்சரும், வெளிக்கிடுமன். நேரம் போகுது.”

“பிள்ளைக்கு இருமலா இருக்கு. நீங்கள் போட்டு வாங்கோ.”

எங்கிருந்து வந்தது அந்த இருமல்? ஜெனி அப்போது முற்றத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். இவர் தனியாகப் போய்விட்டார். நான் மண்ணில் முழங்கால் ஊன்றி, உயிர் இருந்த கன்றுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புது மண்ணில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறியது. முதுகு சூடானது. ஒரு கன்று மெதுவாக இலையை நிமிர்த்தியது. நான் பாட்டுக்கூட முணுமுணுத்தேனாம். பிறகு ஜெனிதான் சொன்னாள்.

அந்த ஒரு மணி நேரம் என் மனதில் அக்கா இல்லை. அத்தான் இல்லை. பிள்ளைகள் இல்லை. வன்னியே இல்லை.

சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்திருக்கிறேன்.

அடுத்து வந்த நாட்களில் போர் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த நாட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் என்னைப்போல் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டுதானே இருந்தீர்கள். பிறகு ஒரு பின்னேரம் அந்த போன் அடித்தது. வவுனியாவில் ஒரு முகாம். யாரோ ஒருவரின் போன். அக்காவின் குரல், மணலில் தேய்த்த மாதிரி.

முதலில் இரண்டு பேரும் அழுதோம். பிள்ளைகள் இருக்கிறார்களாம். அத்தான் இல்லை. கடலேரித் தண்ணீரைக் கடந்து வரும்போது கூட்டத்தில் பிரிந்துவிட்டாராம். உயிரோடு வேறு முகாமில் இருக்கிறாரா, இல்லையா… ஒரு தகவலும் இல்லை.

“கழுத்தளவு தண்ணியடி, ரோசி. சின்னவன் என்ர தோளில. முன்னுக்குப் போனவை விழுகினம், பின்னுக்கு வந்தவை விழுகினம். நான் பிள்ளையளுக்குச் சொன்னனான், பயப்பிடாதையுங்கோ, சித்தி இப்ப மாதாவுக்கு முன்னால நிப்பா எண்டு.”

“எப்ப அக்கா?”

“வெள்ளிக்கிழமை. மத்தியானம். அந்த நேரம் உங்களுக்குக் காலமை என்ன? அந்த நேரம் நீ எங்கயடி நிண்டனி?”

வேறென்ன சொல்வது? அதே பெரிய செபநாள் வெள்ளி. நீங்களே சொல்லுங்கள், வேறென்ன சொல்வது?

“கோயில்ல நிண்டனான், அக்கா.”

மெல்ல, “எனக்குத் தெரியுமடி” என்றது அக்கா. “எனக்குத் தெரியும்.”

அடுத்த அழைப்பில் விஷயம் வளர்ந்திருந்தது. அக்கா இருக்கும் கூடாரத்தில் பின்னேரம் செபமாலை சொல்கிறார்களாம். அங்கே அக்கா எழும்பிச் சாட்சி சொல்லிவிட்டது – நான் தண்ணிக்குள்ள நிண்ட அதே நேரம் டென்மார்க்கில என்ர தங்கச்சி முழங்காலில நிண்டவள் எண்டு. ஒரு பெண் போனை வாங்கி, “தங்கச்சி, என்ர மகனுக்கும் ஒருக்கா செபியுங்கோ” என்று பெயரைச் சொன்னார்.

முழங்காலில் நின்றது உண்மைதான். அதை நினைத்துச் சிரிக்க முயன்றேன். முடியவில்லை.

அக்கா திரும்ப போனை வாங்கியது. “அத்தானுக்கும் சேத்துத்தானே செபிச்சனி? அப்ப அவரும் வந்திடுவார். எங்களைக் கொண்டுவந்த செபம் அவரை விட்டிடுமே?”

ஜெனி பக்கத்தில் நின்று போனுக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் விளங்கும். வாயைத் திறந்தால் டேனிஷ்தான் வரும். பெரியம்மாவிடம் தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக, டேனிஷில் சொன்னாள்: அம்மா கோயிலுக்குப் போகவில்லை. அம்மாவும் நானும் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பாட்டுப் பாடினா.

எட்டிப் போனை வாங்கி என் காதில் வைத்தேன்.

“ஓம் குஞ்சு, ஓம் ராசாத்தி” என்றது அக்கா. ஒரு சொல்லும் விளங்காத சந்தோஷம். “பிள்ளை என்னடி சொல்லுது?”

“உங்களைப் பாக்க ஆசையாக் கிடக்காம், அக்கா.”

அக்காவுக்குச் சொன்ன இரண்டாவது பொய். இந்த முறை பிள்ளைக்கு முன்னால். ஜெனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாங்கள்தானே அவளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறோம்?

கன்றுகளைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று ஒரு நாள் தோட்டத்துக்குப் போனேன். பரிகாரம் மாதிரி ஏதோ ஒன்று. முதல் கன்றில் கை வைத்தால்… வெள்ளையாக ஒரு பூ, தலையைக் கவிழ்த்துக்கொண்டு. என் மனம் குதித்தது. அந்த நிலையிலும் குதித்தது! பிடுங்காமலே திரும்பி வந்தேன். வரும் வழியில் தண்ணீரும் ஊற்றிவிட்டு வந்தேன். என்ன மனம் இது?

நேற்று இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் பக்கத்தை வாசித்து அவர் அறியக்கூடாதல்லவா?

“பிள்ளைக்கு இருமல் எண்டெல்லோ சொன்னனீர்?”

“ஓம்.”

“நான் சுவாமியிட்டச் சொல்லி இருமலுக்கும் ஒரு செபம் சொல்லுவிச்சனான்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, நிலத்துக்குள் போய்விடலாம் போலவும் இருந்தது. இவர் குனிந்து சப்பாத்தைப் போட்டார்.

“அக்காட்டை இப்ப ஒண்டும் சொல்லாதையும். அத்தான் வரட்டும்.”

“வராட்டி?”

இவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த ‘வராட்டி’தான் என்னைத் தின்கிறது. அத்தான் வராவிட்டால் அக்கா என்ன நினைக்கும்? தங்கச்சி எங்களுக்குச் செபித்த அளவு அவருக்குச் செபிக்கவில்லை என்றா? மாதா கைவிட்டுவிட்டா என்றா? இப்போதே உண்மையைச் சொன்னால்… முகாமில் கூடாரத்துக்குள் இருக்கும் ஒருவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பிடியைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை? சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம்தான். என் பாவம் போகும். நான் நட்டுவைத்த பொய் அங்கே வளர்ந்துகொண்டுதானே இருக்கும்?

போன மாதம் நத்தைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். எத்தனை பேர் எழுதினீர்கள்! கிண்ணத்தில் பீர் வையுங்கள், முட்டைக்கோது நொறுக்கிப் போடுங்கள், கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள் என்று. எல்லோருக்கும் நன்றி.

இதற்கும் ஒரு வழி எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. சொல்லவா, விடவா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு போன் கிடைக்குமாம்… அதற்கு முன்னர் எழுதினால் நல்லது.