மணல் வாளியில் வந்த பாட்டில்

திசுப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறவளை யாரும் ‘சாப்பிட்டீகளா’ என்று கேட்பதில்லை. ‘ரிப்போர்ட் வந்துருச்சா’ என்றுதான் கேட்பார்கள்.

கேட்கட்டும். நாலு நாள் ஆகும் என்று சொன்னால் ஒரு முறை முறைப்பார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. ரத்தம் கொடுத்தால் சாயங்காலமே தாள் வருகிறதே, இதுக்கு என்ன கேடு என்பார்கள். அடுத்தவர் பதற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து நிதானமாக வேலை பார்க்க வேண்டிய பாவப்பட்டவர்களே, நீங்கள் எந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருந்தாலும் சரி, இது உங்களுக்காகத்தான்.

தண்ணீரில் மிதப்பது

நான் விருதுநகர்க்காரி. தினமும் பஸ் ஏறி சிவகாசிக்கு வருகிறேன். பதினாலு வருசம் ஓடிவிட்டது. ஆபரேசனில் வெட்டியெடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிடுவேன். சுருங்கிக் கிடந்த சீவல் அந்தத் தண்ணீரில் மெதுவாக விரியும். அதைக் கண்ணாடிச் சில்லில் ஏந்தி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தால் ரோசும் ஊதாவுமாக ஒரு ஊரே தெரியும். ஓடை இருக்கும், வரப்பு இருக்கும், ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டலும் இருக்கும். வியாதி எங்கே என்று தேடாமல் நான் பாட்டுக்கு அந்த ஊர் எல்லையில் சுற்றிக்கொண்டிருப்பேன்.

இது கெட்ட பழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். சில்லைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது எங்கள் டாக்டரம்மாவின் வேலை; என் வேலை சாயம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பதோடு முடிகிறது. நான் லென்சில் கண்ணை வைத்தால் கால் மணி நேரம் தலை நிமிராது. பின்னால் வந்து நின்று அவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்: “ஏம்மா, ஒன்னய வேலைக்கு வச்சேனா, கனவு காண வச்சேனா?”

குக்கர்

எங்கள் லேப்பில் ஒரு பிரஷர் குக்கர் இருக்கிறது. சிரிக்காதீர்கள். வெட்டியெடுத்த சதை கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற மருந்துத் தண்ணீரில் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். அது சதையைக் கெடாமல் காப்பாற்றும். ஆனால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டியும் விடும். சில விசேசமான சாயங்கள் உள்ளே புகுந்து தமக்கு வேண்டியதைப் பிடிக்க வேண்டுமானால், அந்தக் கட்டைக் கொஞ்சம் இளக்க வேண்டும். அதற்குத்தான் கண்ணாடிச் சில்லுகளைக் குக்கரில் வைத்து ஆவி கட்டுவது.

ஒரு நாள் திருத்தங்கலில் பிரஸ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் மனைவியின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார். வெறும் கொழுப்புக் கட்டி, பயமில்லை என்று தெரிந்ததும் அவருக்கு வாய் திறந்துவிட்டது. உள்ளே விசில் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார், வாசம் ஒன்றும் வரவில்லை. நான் விசயத்தைச் சொன்னதும் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: “பருப்புக்கு எத்தனை விசில்னு எங்க வீட்ல சொல்லுவாக, கேன்சருக்கு எத்தனை விசில் தாயி?”

ஒட்டிப்போன பக்கம்

அதே அண்ணாச்சிதான். சுவரில் தொங்கிய சாயப் பட்டியலில் ‘ஐ.என்.ஐ. ஒன்று’ என்பதைப் பார்த்துவிட்டு, இது என்ன பஸ் நம்பரா என்றார். அது ஒரு ஜீன் என்றேன். விடுவாரா? நானும் அவருக்குத் தெரிந்த பாசையில் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆள் உயரத்துக்கு மேல் நீளமான நூல் இருக்கிறது அண்ணாச்சி. அதில்தான் உடம்புக்கு வேண்டிய உத்தரவு அத்தனையும் எழுதியிருக்கிறது. அவ்வளவு நூலையும் குட்டிக் குட்டி உருண்டைகளில் சுற்றி நெருக்கி வைத்திருக்கிறது உடம்பு. எந்த இடத்தைப் படிக்க வேண்டுமோ அந்த இடத்தைத் தளர்த்தித் திறந்துவிட ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளை உண்டாக்குவது இந்த ஜீன். அந்த ஆள் இல்லாமல் போனால், ‘வளர்ந்தது போதும், நிறுத்து’ என்று எழுதிய இடம் சரியாகத் திறக்காது. செல் பெருகிக்கொண்டே போகும். எங்கள் சாயம் அந்த ஆள் இருக்கிறானா என்று பார்க்கும். இருந்தால் செல்லின் நடுவில் காப்பிக் கலர் விழும். இல்லையென்றால் வெறும் நீலம்.

அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நான் பதினாலு வருசமாகச் சொல்லத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே மூச்சில் சொன்னார்: “டைரி பைண்டிங்ல பசை கூடிப்போயி பக்கம் ஒட்டிக்கிடும்ல, அதான? எழுத்து அழியல, தாளும் கிழியல; பிரிச்சுவிடுற ஆளு லீவு, அம்புட்டுத்தான்!”

மணல் வாளி

தீபாவளிக்கு மறுநாள் காலை. பஸ் ஜன்னலில் புகை இன்னும் கலையாமல் நின்றது. ஆலைகள் எல்லாம் லீவு, ரோட்டில் ஆளே இல்லை, அரைத் தூக்கத்தில் சிவகாசி வந்து இறங்கினேன். லேப் வாசலில் ஒருவர் சிவப்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தார். பெயர் செல்லையா. தாயில்பட்டிக்காரர். பட்டாசு ஆலையில் முப்பது வருசமாக வெடிக்குள் மருந்து செலுத்துகிறவர். வாளி நிறைய மணல். அதற்குள் கையை விட்டு, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஒரு பாட்டிலை எடுத்தார்.

அவர் மகள் முத்துமாரியின் வலது மணிக்கட்டில் வெட்டியெடுத்த கட்டி அது. பாட்டிலை வீட்டு ஆட்கள் கையிலேயே கொடுத்து, லேப்பில் சேர்த்துவிடுங்கள் என்று அனுப்புவது இங்கே வழக்கம். பாட்டிலின் மேல் தீ படம் போட்ட ஒரு லேபிள் இருந்தது. ஃபார்மலின் பாட்டிலில் அப்படித்தான் இருக்கும். நாங்கள் யாரும் அதை ஏறெடுத்துக்கூடப் பார்த்ததில்லை. அவர் பார்த்திருக்கிறார். விடியக்கருக்கலில் கிளம்பி, பாட்டிலை மணலில் புதைத்துக்கொண்டு, தாயில்பட்டியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்புத் தாளவில்லை. சிரித்துக்கொண்டே பாட்டிலை வாங்கி வைத்தேன். ஏன் அண்ணே இந்தப் பாடு, பஸ்ஸில் வந்திருக்கலாமே என்றதற்கு அவர் சிரிக்காமல் சொன்னார்: “தீ படம் போட்ட சாமான பஸ்ல ஏத்தக் கூடாது தாயி. பஸ்ல பிள்ளைக வரும்.”

வலது கை

முதல் சாயத்தில் டாக்டரம்மாவுக்கு நெற்றி சுருங்கியது. நடுவில் செத்த சதை, சுற்றிலும் பருத்த செல்கள். இரண்டு விசயம் இப்படித் தெரியும். ஒன்று, நாள்பட்ட அழற்சி, மாத்திரையில் அடங்கிவிடும். இன்னொன்று, இளவயசுக்காரர்களின் கையில் அபூர்வமாக வரும் ஒரு கேன்சர். அந்த அழற்சியின் வேசத்தைப் போட்டுக்கொண்டே வரும். அதுதான் என்றால் சுற்றிலும் நிறைய வெட்ட வேண்டும், சில சமயம் கையையே எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கேன்சரில் பெரும்பாலும் நான் சொன்ன ஐ.என்.ஐ. ஒன்று தொலைந்துபோயிருக்கும். மற்ற சாயங்கள் அரைகுறையாகத்தான் பேசின. ஆகவே அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

அப்பாவும் மகளும் விசாரிக்க வந்தார்கள். முத்துமாரிக்கு இருபத்து நாலு வயசு. திரி சொருகும் வேலை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரம்மா சொன்னதை எல்லாம் கேட்டாள். அழவில்லை. வெளியே வந்து என்னிடம்தான் பேசினாள். “எனக்கு எடது கையில ஒண்ணுமே செய்ய வராதேக்கா.”

நீலம்

சாயம் போட்டேன். கூடவே சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்க, வேறொருவரின் நல்ல திசுவையும் ஒரு சில்லில் சேர்த்து ஓட்டினேன், வழக்கம்தான். நல்ல திசு அழகாகக் காப்பிக் கலரில் வந்தது. முத்துமாரியுடையது நீலம். வெறும் நீலம். டாக்டரம்மா பார்த்தார். லீவு முடிந்து குவிந்து கிடந்த சில்லுகளுக்கு நடுவே, கட்டியின் மையத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஜீன் இல்லை என்று முடிவுகட்டி, ரிப்போர்ட் எழுதப் பேனாவைத் திறந்தார். பாவி மகளே, முடிந்ததா உன் கதை என்று நினைத்துக்கொண்டேன்.

சில்லைத் திரும்ப எடுத்து வைக்கத்தான் போனேன். மனசு கேட்கவில்லை, லென்சில் குனிந்தேன். அந்த நீலம் விடிவதற்கு முந்தின வானம் மாதிரி இருந்தது. நடுவைப் பார்க்கப் பயந்து, வழக்கம் போல எல்லைக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன ரத்தக் குழாய், வளைந்து வளைந்து போனது. அதன் கரையிலேயே நானும் நடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று சுள்ளென்று உறைத்தது. இந்தக் குழாய் ஏன் நீலமாக இருக்கிறது? கேன்சர் செல்லில் ஜீன் தொலையலாம். பக்கத்தில் இருக்கிற நல்ல குழாயில் தொலையாதே! அது காப்பிக் கலரில் அல்லவா இருக்க வேண்டும்? அப்படியென்றால் தொலைந்தது ஜீன் இல்லை, சாயமே உள்ளே போகவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டரம்மா வந்து குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “பேனாவ மூடிட்டேன்மா. போ, பாட்டில்ல எத்தனை நாள் கெடந்துச்சுன்னு கேளு” என்றார்.

மூணு வாரம்

நியாயமாக நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. வாளியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் மறந்துபோனேன். தப்பு என்னுடையது, வேறு யாரைச் சொல்ல? ஒரு நாள், இரண்டு நாள் ஃபார்மலினில் இருந்தால் சரி. வாரக்கணக்கில் ஊறினால் கட்டு இறுகி, சாயம் போக வழியிருக்காது.

செல்லையா அண்ணன் வாசல் படியில், முதல் நாள் அங்கேயே வைத்துவிட்டுப்போன மணல் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆபரேசன் என்றைக்கு நடந்தது அண்ணே என்று கேட்டேன். தீபாவளிக்கு மூணு வாரம் முந்தி என்றார். சீசன் நேரம், ஆர்டர் நெருக்கடி, லீவு கிடையாது. பைக் இருக்கிறவன் எல்லாம் வேலையில். வெறும் கட்டிதான், சும்மா பார்த்துக்குங்க என்றுதான் ஆபரேசன் செய்த இடத்திலும் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் ஏற்ற மனசில்லாமல், வீட்டிலிருந்து தள்ளி, வேப்பமர நிழலில், மணலுக்குள் வைத்துக் காவல் காத்திருக்கிறார் மனுசன். அதனால்தான் இந்தக் குழப்பம் என்று சொன்னேன். இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “எம் பிள்ள கைய நானே கெடுத்துப்புட்டேனா தாயி?”

கூட நாலு விசில்

இல்லை என்று சொல்ல எனக்கே அப்போது தெரியாது. புதுச் சீவல் எடுத்தேன். தண்ணீரில் மிதந்தது, மெதுவாக விரிந்தது. அன்றைக்கு அதை ரசிக்கத் தோன்றவில்லை, கிழியாமல் ஏந்தினால் போதும் என்றிருந்தது. குக்கரில் வழக்கத்தைவிட அதிக நேரம் ஆவி கட்டினேன். மற்ற சாயங்களையும் அதே மாதிரி மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு விசிலுக்கும் வெளியே செல்லையா அண்ணன் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். முத்துமாரி அவர் தோளைப் பிடித்து அமர்த்தினாள்.

மறுநாள் சில்லை வைத்தேன். முதலில் எல்லைக்குப் போனேன். ரத்தக் குழாய் காப்பிக் கலரில் இருந்தது. கண்ணை மூடி, திறந்து, மெதுவாக நடுவுக்கு நகர்த்தினேன். பருத்த செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் காப்பிக் கலர். பிரித்துவிடுகிற ஆள் லீவே போடவில்லை, எல்லா வீட்டிலும் இருந்தான். அந்த ஊர் முழுக்க ஒரே சமயத்தில் விளக்கேற்றின மாதிரி இருந்தது. நான் அழுதுவிட்டேன், அதில் என்ன வெட்கம்? டாக்டரம்மா மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். மற்ற சாயங்களும் இப்போது ஒத்துப் பேசின. கேன்சர் இல்லை, அழற்சிதான். எதனால் வந்தது என்று பார்த்து மருந்து கொடுத்தால் அடங்கும். எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “இன்னைக்கு ஒரு நா மட்டும் கனவு காணு. நாளைக்கு வேலை கெடக்கு.”

கவர்

ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு, ஆபரேசன் செய்த டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தேன். முத்துமாரி வலது கையை நீட்டி வாங்கினாள். கட்டுக்குள்ளிருந்து நாலு விரல் நுனி தெரிந்தது. அக்கா என்று மட்டும் சொன்னாள். செல்லையா அண்ணன் கவரை அவளிடமிருந்து வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முழுசாகத் திருப்தியானதும் கேட்டார்: “இதுல தீ படம் ஒண்ணும் இல்லையே தாயி? அப்ப பிள்ளைய பஸ்லயே கூட்டிட்டுப் போயிரலாம்ல?”

போகிற சந்தோசத்தில் அவர் மறந்துவிட்டுப்போன மணல் வாளி எங்கள் வாசலிலேயே கிடக்க, தீப் பாதுகாப்புச் சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்து ‘ரொம்பப் பொறுப்பா இருக்கீக’ என்று மெச்சிவிட்டுப் போனார். பதினாலு வருசத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, நான் செய்யாத வேலைக்கு.